ஓடாது கிடந்த மோட்டார் வண்டி

பழைய மோட்டார் வண்டியொன்றை விலைபேசப் போகும் நம்மவரிற் பெரும்பாலார் முதலிற் குனிந்து பார்ப்பது அதன் மைல் மீற்றரையே. இருபத்தையாயிரம் மைலுக்கு மேல் ஓடவில்லை என்று உடையவர் சொல்ல, மீற்றரிலுள்ள எண்ணும் அதற்கு ஒத்திருக்குமாயின், வாங்குபவரின் மனம் பாதி இளகிவிடும். குறைந்த தூரம் ஓடிய யந்திரத்திலே தேய்வு குறைவு. தேய்வு குறைந்தால் பழுதும் குறைவு. இதுவே அவர் போடும் கணக்கு. இக்கணக்கு முற்றும் பிழையென்று நான் கூறமாட்டேன். அது பாதிக் கணக்கு. மற்றப் பாதியை நான் கற்றுக்கொண்ட இடம் றம்பொடை இறக்கம். அங்கே எனக்கு நேர்ந்ததையும், அதன் பின்னர் அவ்வண்டியை எந்த ஒழுங்கிலே திருத்தினோம் என்பதையும் இன்று நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே இந்நாட்டுக்கு மோட்டார் வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளிலே, கொட்டில்களிலும் மாமரத்தடிகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகளுக்கெல்லாம் புதிய மதிப்பு உண்டாயிற்று. அக்காலத்தில் வண்டி தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். 2023 இல், நுவரெலியாவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் குடும்பத்தாரிடம் 1964 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருப்பதாக அறிந்து அங்கே சென்றேன். பெரியவர் நோயுற்று 2009 இல் வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். அன்றுதொட்டு அது கொட்டிலைவிட்டு வெளியே வந்ததில்லை. மீற்றரில் 23,418 மைல்.

மொறிஸ் மைனரைப் பற்றி நம் நாட்டவர்க்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948 இல் வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிலே செய்யப்பட்டது. இலங்கையிலே வைத்தியர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர் என்று நடுத்தர வகுப்பார் பலரின் முதல் வண்டி இதுவே. எளிய அமைப்பு, மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். இதன் உடலுக்கான தகடுகள் பிற்காலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதும் உண்டு. ஆதலால், உதிரிப்பாகங்களுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணினேன். அந்த எண்ணம் பிழைபோகவில்லை.

மைல் மீற்றரை மட்டும் நான் எளிதில் நம்பிவிடவில்லை. அக்காலத்து மீற்றர்களில் மைலைக் காட்டும் இலக்கங்கள் ஐந்தே. 99,999 மைல் கடந்ததும் அது மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே 23,418 என்பது 1,23,418 ஆகவும் இருக்கலாம். மீற்றரை அறியச் சுற்றிலும் உள்ளவற்றைப் பார்க்கவேண்டும். பிறேக் மிதியின் றப்பரிலே வரிகள் அழியாதிருந்தன. சாரதியின் கதவு பிணைச்சலில் தொங்காது நேராகப் பொருந்தியது. ஸ்ரேரிங் வளையத்திலே கைபடும் இடம் பளபளப்பேறியிருக்கவில்லை. பெரியவர் தம் தொழிலுக்கேற்ற ஒழுங்குடையவர்போலும். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு நாளையும் மைலையும் ஒரு கொப்பியிலே எழுதிவைத்திருந்தார். எல்லாம் ஒத்துவந்தன. மீற்றர் பொய் சொல்லவில்லை. அவருடைய மகன் மாதத்திற்கு ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் இயக்கிவந்ததாகவும் சொன்னார். அன்றும் இயக்கிக் காட்டினார். இரண்டாம் சுழற்சியிலேயே அது இனிமையாக முழங்கிற்று. அந்த ஓசையிலே நான் மயங்கினேன். பற்றறியும் ரயர்க்காற்றும் சரிபார்த்து, புதிய பெற்றோல் ஊற்றி, மறுநாட் காலை பேராதனை நோக்கிப் புறப்பட்டேன்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வருபவர் ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே இறங்கவேண்டும். தேயிலைச் சரிவுகளிடையே வளைந்து வளைந்து செல்லும் அவ்வழியிலே காலைப் பிறேக்கிலிருந்து எடுப்பது அரிது. அரைமணி நேரம் சென்றதும் வண்டி இடப்புறம் மெல்ல இழுக்கத் தொடங்கிற்று. வீதியின் சரிவென்று எண்ணிக்கொண்டேன். பின்னர் ஏதோ கருகும் மணம். முன்னே சென்ற லொறியுடையதென்று எண்ணிக்கொண்டேன். மனிதன் தான் விரும்பி வாங்கிய பொருளுக்காக எத்தனை சாக்குகளைத் தேடுகிறான் பாருங்கள்! மூன்றாம் முறை ஒரு வளைவிலே மிதித்தபோது, கல்லைப்போல் உறுதியாயிருந்த மிதி பஞ்சைப்போல் அமிழ்ந்து தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

நான் மூன்றாங் கியரிலே இருந்தேன். இரண்டாங் கியருக்கு மாற்றினேன், எஞ்சின் அலறிற்று, வேகம் சற்றுத் தணிந்தது. இவ்வண்டியில், ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாங் கியருக்கு இறக்குவது எளிதன்று; அதற்கு இசைவிக்கும் அமைப்பு அந்தக் கியரிலே இல்லை. கைப்பிறேக்கை நெம்பி இழுத்துக்கொண்டே மலைப்பக்கத்து மண்மேட்டோடு சில்லுகளை உராயவிட்டேன். ஐம்பது யார் சென்று வண்டி நின்றது. மறுபக்கம் பள்ளம். எதிரே பேருந்து எதுவும் வராதது என் நல்லூழ்.

இதைவிட வியப்பானது அதன் பின் நடந்தது. அரைமணி நேரம் கல்லின்மேல் அமர்ந்திருந்துவிட்டு மிதியைத் தொட்டுப் பார்த்தேன். மிதி பழையபடி கல்லாக இருந்தது! ஒன்றும் ஒழுகவில்லை; எங்கும் ஈரமில்லை. அனுபவமில்லாத ஒருவர் இனிப் பயமில்லை என்று ஏறிப் புறப்பட்டிருப்பார். நானும் கதவிற் கைவைத்துவிட்டேன். அப்பொழுது தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த லொறிச் சாரதி ஒருவர் என் முன்சில்லின் அருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அச்சில்லைத் தொட முடியவில்லை. அன்று பிற்பகல் என் வண்டி வேறொரு லொறியின்மீது ஏறிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டது.

மிதி அமிழ்ந்ததற்கும் மீண்டதற்கும் காரணம் ஒன்றே. நாம் பிறேக்கை மிதிக்கும்போது, அந்த விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்வது குழாய்களில் நிறைந்துள்ள திரவம். திரவம் அமுக்கத்துக்குச் சுருங்காது. ஆகவே காலின் விசை அப்படியே சில்லுக்குச் சேரும். ஆனால் இந்தத் திரவத்துக்கு ஒரு தீய குணம் உண்டு; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுகியிருந்தாலும், றப்பர்க் குழாய்களின் ஊடாகவும் மூடியின் சிறு துளை வழியாகவும் ஈரம் ஆண்டாண்டாக உட்புகும். டொட் 4 என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையிலே அதே திரவத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை 155 பாகையாக இறங்கிவிடும். எனது வண்டியிலே பதினான்கு ஆண்டு கிடந்த திரவம் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நுவரெலியாவின் பனியும் மழையும் அதற்குத் துணைசெய்தன. சூடேறிய சில்லிலே அத்திரவத்துள் இருந்த நீர் ஆவியாயிற்று. ஆவி சுருங்கும், காலின் விசை முழுவதும் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே கழிந்தது. குளிர்ந்ததும் ஆவி நீராயிற்று, மிதி கல்லாயிற்று. மறு வளைவிலே மீண்டும் பஞ்சாகியிருக்கும்.

அச்சில்லு அவ்வளவு சூடேறியது எதனால் என்ற கேள்விக்கு விடை எங்கள் ஊர்க் கராஜிலே கிடைத்தது. அதை நடத்துபவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். பேச்சுக் குறைவு. இடது முன்சில்லுக்குச் செல்லும் றப்பர்க் குழாயைக் கழற்றி, குறுக்கே வெட்டி என் கையிலே தந்தார். வெளியே பார்த்தால் புதியது போன்ற கறுப்பு. உள்ளே றப்பர் ஊதிப் பெருத்து, ஊசித்துளை அளவே வழி இருந்தது. காலின் விசை பெரிது. அது திரவத்தை அத்துளையூடே தள்ளிவிடும். காலை எடுத்தபின் திரவத்தைத் திருப்பி அனுப்பவேண்டியது சில்லினுள்ளே இருக்கும் சிறு சுருள்வில். அதற்கு அந்த வலு இல்லை. ஆகவே காலை எடுத்த பின்னும் பிறேக் பிடித்தபடியே உராய்ந்துகொண்டிருந்தது. வண்டி இடப்புறம் இழுத்ததும் கருகிய மணமும் அதனாலேயே.

"தம்பி, மைலைப் பாத்தோ வாங்கினனீர்? றப்பருக்கு மைல் தெரியாது, ஆண்டுதான் தெரியும்" என்றார் அவர். அன்று அவர் பேசியவற்றுள் இதுவே நீளமான பேச்சு.

திருத்த வேலையின் ஒழுங்கைப் பற்றி எனக்கும் அவருக்கும் முதல்நாளே சிறு பிணக்கு உண்டாயிற்று. எஞ்சினை முதலிற் பார்த்துவிடுவோம் என்றேன் நான். வண்டியை வாங்கிய எவரும் அப்படியே சொல்வர். ஏனெனில் நமக்குக் கேட்பது எஞ்சினின் ஓசைதான். அவரோ, நிற்க முடியாத வண்டியை எதற்காக ஓடவைப்பது என்று கேட்டார். பிறேக், பின்னர் முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளும் ஸ்ரேரிங்கும், பின்னர் ரயர், அதன் பின்னரே எஞ்சின். வர்ணம் பூசுவதைப் பற்றி ஓராண்டுக்கு வாய்திறக்கக் கூடாது. அவர் வகுத்த அவ்வொழுங்கை, பழைய வண்டி வாங்கும் எவருக்கும் நான் தயங்காது சொல்வேன்.

மொறிஸ் மைனரின் பிறேக் தொகுதி ஒற்றை வழியுடையது. இக்காலத்து வண்டிகளிற்போல இரண்டு தனி வழிகள் அதில் இல்லை. ஓர் இடத்திலே திரவம் ஒழுகினாலும் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே. ஆகவே, ஓரிடத்துப் பழுதை மட்டும் திருத்திவிட்டு மற்றவற்றை விட்டுவைப்பது இத்தொகுதிக்குப் பொருந்தாது. என் வண்டியின் மூன்று றப்பர்க் குழாய்களும் நீக்கப்பட்டன. முன்சில்லுகளில் இரண்டிரண்டும் பின்சில்லுகளில் ஒவ்வொன்றுமாக ஆறு சிறு சிலிண்டர்கள் உள்ளன. அவற்றுள் நான்கின் உட்சுவர் கறள் பிடித்துக் குழி விழுந்திருந்தது. குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்து மினுக்கிப் புதிய றப்பர் போடுவது சிக்கனம்போலத் தோன்றும். சில மாதங்களில் அந்தக் குழி புதிய றப்பரையும் அரித்துவிடும். முதியவர் அவற்றை எறிந்துவிட்டார்.

மிதியோடு இணைந்த தலைமைச் சிலிண்டர் இவ்வண்டியிலே சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்தினுள் ஒளிந்திருக்கிறது. திரவம் ஊற்றுவதற்குக்கூடக் கம்பளத்தை உயர்த்தித் தரையிலுள்ள மூடியைத் திறக்கவேண்டும். இதனாலேதான் பலர் அதை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதேயில்லை. கழற்றுவதற்கோ, முன்சில்லுகளைத் தாங்கும் நீண்ட முறுக்குக் கம்பி குறுக்கே நின்று ஆணியை வெளியே வரவிடாது. அரைநாள் வேலை அதிலே கழிந்தது. இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். நெடுங்காலம் நின்ற வண்டியிலே மிதியைத் தரைவரை அழுத்தி அழுத்திச் சோதிப்பது தீது. தலைமைச் சிலிண்டரின் றப்பர் வழக்கமாக ஓடும் பகுதி வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அப்பாலுள்ள பகுதியிலே கறளும் அழுக்கும் படிந்திருக்கும். ஒருமுறை அதன்மேல் ஏறிய றப்பர் கிழிந்துவிடும். பிறேக் திரவம் குறைந்திருக்கக் கண்டு எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அந்த எண்ணெய் பட்ட றப்பர் யாவும் ஊதிக் கெடும். ஒரு கரண்டி எண்ணெய்க்காகத் தொகுதி முழுவதையும் மாற்ற நேரும்.

எல்லாம் பூட்டிப் புதிய திரவம் நிறைத்து, தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றினோம். பின்னர் முதியவர் என்னை இருக்கையில் அமர்த்தி, மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்கச் செய்தார். மிதி மயிரிழையும் தாழவில்லை. இந்தச் சோதனைக்குக் கருவியோ காசோ வேண்டியதில்லை; எந்த வண்டியை வாங்கும்போதும் செய்து பார்க்கலாம். ஈராண்டுக்கு ஒருமுறை இத்திரவத்தை முற்றாக மாற்றவேண்டும். ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

அடுத்தது முன்சில்லுகள். மொறிஸ் மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றையும் தாங்கும் நிலைத்தண்டு, மேலும் கீழும் திருகுபுரியுள்ள மூட்டுகளிலே பொருந்தியிருக்கிறது. ஸ்ரேரிங்கைத் திருப்பும்போது தண்டு அப்புரியிலே சுழலும். அதற்குக் கிறீஸ் ஊட்டுவதற்கென்று சிறு முலைகள் உள்ளன. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஊட்டினால் அந்த மூட்டு நெடுங்காலம் உழைக்கும். ஊட்டாவிட்டால் புரி தேய்ந்து ஒருநாள் தண்டு மூட்டைவிட்டு நழுவ, சில்லு வண்டியின் கீழே மடிந்து விழும். இவ்வண்டியின் பேர்போன குறை இதுவே. என் வண்டியில் வலப்பக்கத்துக் கீழ்மூட்டு கிறீஸை ஏற்க மறுத்தது. உள்ளே பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகி வழியை அடைத்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது புரியின் ஒருபக்கம் கத்திமுனைபோல் மெலிந்திருந்தது. 23,418 மைல் ஓடிய வண்டியில் இது எப்படி நேரும்? பெரியவரின் கொப்பியிலே எண்ணெய் மாற்றிய நாட்கள் இருந்தன. கிறீஸ் ஊட்டிய நாட்கள் இல்லை. கொப்பி வைத்திருப்பவர்களையும் கொஞ்சம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ரயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். என் ரயர்களின் வரிகள் புதியனபோல் ஆழமாக இருந்தன. அவற்றையும் நான் ஓர் ஆதாயமாகவே கருதியிருந்தேன். 2000 ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் ரயர்களின் பக்கச் சுவரிலே, அவை செய்யப்பட்ட காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. என்னுடையவை 0307, அதாவது 2007 ஆம் ஆண்டின் மூன்றாம் வாரம். பதினாறு ஆண்டுச் சுவரிலே கண்ணுக்குத் தெரியும் வெடிப்புகள் ஓடியிருந்தன. பத்தாண்டு கடந்த ரயரை வரி எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுமாறு செய்பவர்கள் பலரும் கூறுகின்றனர். ஐந்தாவது ரயர், பின்பெட்டியிலே கிடப்பது, அதையும் பார்க்க மறக்கவேண்டாம்.

எஞ்சினுக்கு வருவோம். மாதத்துக்கு ஐந்து நிமிடம் இயக்கிவந்தது நன்மை என்றே அந்தக் குடும்பத்தார் எண்ணியிருந்தனர். உண்மையில் அது தீமையே செய்தது. எரியும் பெற்றோலிலிருந்து நீராவி உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்திலே நிறுத்தினால் அது எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீராகத் தங்கும். எண்ணெய் மூடியைத் திறந்தபோது உட்புறத்திலே தயிராடைபோன்ற வெளிறிய படலம் இருந்தது. புகைக்குழாயின் பிற்பகுதியை முதியவர் விரலாலே குத்தித் துளைத்துக் காட்டினார். வண்டியை நிறுத்திவைக்க நேர்ந்தவர்கள், எஞ்சினை இயக்குவதாயின் ஏழெட்டு மைல் வீதியில் ஓட்டி முற்றும் சூடேற்றவேண்டும். இயலாவிடின் இயக்காமலே விடுவது மேல்.

முற்றாக இயங்காது கிடந்த எஞ்சினை எழுப்பும் முறையையும் அவரிடம் கேட்டறிந்தேன். திறப்பைப் போட்டுத் திருகுவது அன்று முதல் வேலை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடவேண்டும். மறுநாள் கைப்பிடி கொண்டு மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். மொறிஸ் மைனருக்கு அந்தக் கைப்பிடி உண்டு. எங்காவது இறுகியிருந்தால் அது கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. பின்னர் புதிய எண்ணெயும் வடியும் போட்டு, பிளக்குகள் இல்லாமலே எண்ணெய் விளக்கு அணையும்வரை சுழற்றி, அதன்மேற்றான் பிளக்குகளைப் பூட்டவேண்டும். முதல் எண்ணெயை ஐந்நூறு மைலிலே மாற்றிவிடுவது நன்று. பழைய அழுக்கு முழுவதும் அதிலேதான் கரைந்து வரும்.

பெற்றோலும் மூப்படையும் பொருள் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. அதன் மெல்லிய கூறுகள் ஆவியாகிப் போக, எஞ்சுவது பிசினாக மாறிக் காபுரேற்றரின் நுண்டுளைகளை அடைக்கும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நம்மில் எத்தனைபேர் கலன்களிலே பெற்றோலைச் சேர்த்துவைத்தோம்! அவ்வாண்டு யூலையிலே அனுமதிப் பத்திர முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரையறுத்தபோது, சேர்த்த பெற்றோல் பலருடைய கொட்டில்களிலே கிடந்து கெட்டது. என் வண்டியின் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தபோது, வார்னிஷ் மணமுடைய பழுப்புநீரோடு ஒருபிடி கறளும் விழுந்தது. நான் ஊற்றிய புதிய பெற்றோல் இத்தனையையும் கலக்கிக்கொண்டுதான் மலையிலே ஓடியிருக்கிறது. தாங்கியைக் கழுவிப் புதிய வடி பூட்டினோம்.

இந்த இடத்திலே முதியவர் ஒன்றைச் சொன்னார். 1990 களிலே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் இத்தகைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகள் மண்ணெண்ணெயிலே ஓடியதைப் பலரும் அறிவோம். சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சியரையும் ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துவிடும். எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வரும். அப்படி ஓடிய ஒரு வண்டி இன்று குறைந்த மைலோடு உங்களிடம் வந்தால், எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றித் தண்டின் தாங்கிகளைப் பாராமல் வாங்கவேண்டாம். பழைய எஞ்சின்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டிலே 2002 இல் நிறுத்தப்பட்டது. மக்கள் நலத்துக்கு அது பெரு நன்மை. ஆனால் 1964 ஆம் ஆண்டு எஞ்சினிலே, புகைவால்வு அமரும் இடம் தேயாமற் காத்தது அந்த ஈயமே. மெல்ல ஓட்டுபவர்க்கு அவசரமில்லை. வால்வு இடைவெளியை இடையிடையே அளந்து பார்த்தால் போதும். இவ்வெஞ்சினுக்கு அது 0.012 அங்குலம். மாற்றியமைத்த இடைவெளி விரைந்து விரைந்து குறைந்துவருமாயின், தலையைக் கழற்றிக் கடினமான வளையங்களைப் பதிக்கும் காலம் வந்துவிட்டது.

றேடியேற்றரிலே நுவரெலியாவின் மென்னீர் இருந்தபடியால் கறள் மட்டுமே வந்தது. யாழ்ப்பாணத்து வண்டியாயின் சுண்ணாம்பும் வந்திருக்கும். நம் கிணறுகள் சுண்ணக்கல்லிலே அமைந்தவை. கேத்தலின் அடியிலே படியும் வெண்படிவம் எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். நீர்க்குழாயைக் கீழ்வாயிலே பொருத்தி எதிர்த்திசையாக நீரைச் செலுத்தினால் பெரும்பாலான அழுக்கு வெளியேறும். அதன்பின் கிணற்றுநீர் வேண்டாம். வடித்த நீரும் கறள் தடுக்கும் மருந்தும் கலந்து ஊற்றவேண்டும். இறப்பர் நீர்க்குழாய்களை விரலால் அமுக்கிப் பார்த்தாலே அவற்றின் வயது தெரிந்துவிடும்.

மின்கம்பிகளை எலி கொறித்திருந்தது. பின்னிருக்கையின் கீழே தென்னந்தும்பாலே கட்டிய கூடும் இருந்தது. இவ்வண்டி முழுவதற்கும் இரண்டே உருகிகள். ஆகவே உரிந்த கம்பி உடலைத் தொட்டால், உருகி காக்குமுன் கம்பியே எரியக்கூடும். பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்ட வண்டி இது என்பதையும் குறிப்பிடவேண்டும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை உடலோடு பூட்டினால் கெடுதி விளையும்.

யப்பானிலிருந்து வந்த 1990 களின் கார்களை வாங்குவோர்க்கும் ஒரு வார்த்தை. மொறிஸ் மைனரிலே வால்வுகளை இயக்கும் தண்டைச் சங்கிலி சுழற்றுகிறது. அக்கார்களுள் பலவற்றிலே அந்த வேலையைச் செய்வது றப்பர்ப் பட்டி. அதுவும் றப்பர்தான், அதற்கும் மைல் தெரியாது. சில வகை எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்ரன் வால்வுகளோடு மோதி எஞ்சின் முழுவதும் பாழாகும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையெனில், வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

என் வண்டி கராஜிலே நான்கு மாதம் நின்றது. உதிரிப்பாகங்களிற் சில கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தமையால் அவ்வளவு நாள் எடுத்தது. வேலை மட்டுமாயின் மூன்று வாரத்திலே முடிந்திருக்கும். வெளியே வந்த நாள் முதல் ஒரு வாரம், சனநெரிசலற்ற வீதியிலே மணிக்கு இருபது மைலுக்கு மேற்படாமல் ஓட்டினேன். ஒவ்வொரு மாலையும் நான்கு சில்லுகளையும் கையாலே தொட்டு, ஒன்று மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன். றம்பொடையிலே அந்த லொறிச் சாரதி செய்ததும் அதுவே. ஐந்நூறு மைலிலே எண்ணெய் மாற்றி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கினோம். நேற்று மாலை மீற்றர் 26,371 காட்டிற்று. கிறீஸ் கொப்பியிலே கடைசியாக எழுதியிருப்பது 25,410. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை உயர்த்திவைத்து அந்த நான்கு மூட்டுகளுக்கும் கிறீஸ் ஊட்டவேண்டியிருக்கிறது.